பேரணாம்பட்டிலிருந்து எம்.காம்: சின்ன கல்லூரி போதுமா?

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பி.காம் 68 சதவீதம், அப்பாவுக்கு டேனரியில் வேலை, சென்னைக்கு அனுப்ப வீட்டில் சம்மதம் இல்லை. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு சின்ன சுயநிதி கல்லூரியில் எம்.காம் இடம் கிடைக்கிறது, வகுப்பில் 10, 12 பேர்தான் சேருவார்களாம். "அங்க படிச்சா யாரு மதிப்பாங்க, எம்.காமே வேஸ்ட்" என்று தோழிகள் சொல்கிறார்களாம். சேரலாமா வேண்டாமா என்பது கேள்வி.

சேரலாம்மா. ஆனால் எதற்காகச் சேருகிறோம் என்று தெரிந்துகொண்டு சேரவேண்டும். அது தெரியாமல் சேர்ந்தால் பெரிய கல்லூரியிலும் 2 வருஷம் வீணாகத்தான் போகும். நான் 2012இலிருந்து 2014 வரை நம் பக்கத்துச் சின்ன கல்லூரி ஒன்றில்தான் எம்.காம் படித்தேன், எங்கள் வகுப்பில் 11 பேர். அப்புறம் கணக்கு வேலை, நடுவில் 3 வருஷம் கல்லூரியில் பாடம் எடுத்தேன், இப்போது வேலூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பதும் இப்போது நான்தான். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்து சொல்கிறேன்.

முதலில் சி.ஏ. விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் பலர் குழம்புவது அங்கேதான். பி.காமில் 55 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத் தேர்வை எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டுக்கு நீங்கள் பதிவு செய்யலாம். மனதில் உண்மையிலேயே சி.ஏ. இருந்தால் ரெகுலர் எம்.காமில் சேராதீர்கள். ஆர்ட்டிகிள்ஷிப் என்ற ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சி 2 வருஷம், அந்த நேரத்தில் பகல் முழுக்க ஆபீசில் இருக்கவேண்டும், கல்லூரி வகுப்பும் அதே நேரத்தில் வந்தால் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் ஒத்துக்கொள்ளாது, வேறு படிப்பு படிக்கிறேன் என்று 112ஆம் எண் படிவத்தில் அனுமதியும் வாங்கவேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு அஞ்சல்வழி எம்.காம்தான் சரி. போதாக்குறைக்கு, 2021இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி படிப்பான சி.எஸ்., அடக்கச் செலவுக் கணக்கு (காஸ்ட்) படிப்பான சி.எம்.ஏ. முடித்தவர்களை முதுகலை முடித்தவர்களுக்குச் சமமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, சி.ஏ. முடித்தால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதக்கூட எம்.காம் தேவையில்லை. ஆனால் "சி.ஏ.வும் பார்க்கலாம், எம்.காமும் இருக்கட்டும்" என்ற அரை மனதோடு இரண்டிலும் கால் வைத்து, இன்டர் ஒரு குரூப்கூட தாண்டாமல், எம்.காமிலும் அரியர் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சி.எம்.ஏ. கொஞ்சம் வேறு. காஸ்ட் பாடம் எம்.காமோடு நிறைய ஒத்துப்போகும், பட்டதாரிகள் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம், கல்லூரிக்குப் போய்க்கொண்டே படிக்கமுடியும். காஸ்ட் பிடிக்கும் என்றால் அதை யோசியுங்கள்.

வாத்தியார் வேலை பிடிக்கும், சி.ஏ. மாதிரி படிப்பு வேண்டாம் என்றால் எம்.காம் இல்லாமல் வழியே கிடையாது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கணக்குப்பதிவியல் எடுக்க அரசுப் பள்ளிக்குப் போகவேண்டுமென்றால் பி.காம், எம்.காம், அதோடு பி.எட்., அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் டிஆர்பி தேர்வு. பி.எட். 2 வருஷம், ஆக மொத்தம் இன்றிலிருந்து 4 வருஷம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கல்லூரிக்கு என்றால் நெட் அல்லது மாநில அளவிலான செட். நெட் வருஷத்துக்கு 2 முறை வருகிறது, முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் காமர்ஸ் 100 கேள்வி, கேள்விக்கு 2 மார்க் வீதம் 300, 3 மணி நேரம், தப்பான விடைக்கு மார்க் குறைப்பது இல்லை. எம்.காமில் பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓபிசி பிரிவினருக்கு 50 சதவீதம் வேண்டும். இதைச் சேரும் நாளிலேயே மனதில் வையுங்கள், ஏனென்றால் 54 சதவீதத்தில் நின்றுபோய், பாஸ் செய்தும் நெட் எழுதமுடியாமல் போன ஒருவர் என் வகுப்பிலேயே இருந்தார். முதல் செமஸ்டரில் "பாஸானா போதும்" என்று விட்டது நாலாவது செமஸ்டரில் ஈடுகட்ட முடியாமல் போய்விட்டது. நெட்டின் முதல் தாளை எல்லோரும் அலட்சியமாக விட்டுவிடுவார்கள், அதில் கற்பித்தல், ஆராய்ச்சி முறை, தர்க்கம், டேட்டா கணக்கு எல்லாம் வரும், தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். எம்.ஃபில். பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 2022 விதிமுறையோடு அது போய்விட்டது.

இப்போது முக்கியமானது, ஊரிலேயே கணக்கு வேலை. உங்கள் தோழிகள் "எம்.காம் வேஸ்ட்" என்று சொல்வது இதை வைத்துத்தான், அதில் பாதி உண்மை இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ அக்கவுண்ட்ஸில் ஆள் எடுக்கும்போது எம்.காம் என்ற எழுத்தைப் பார்த்துச் சம்பளம் கூட்டித் தருவது அபூர்வம். நான் முடித்தவுடன் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். முதல் நாளே மூன்று பேங்க் கணக்கு, ஒரு வருஷத்து ஸ்டேட்மென்ட், லெட்ஜர் பிரிண்ட் எல்லாம் மேஜையில் வைத்து ரீகன்சிலியேஷன், அதாவது பேங்க் கணக்கும் நம் கணக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று சரிபார்ப்பது, போடச் சொன்னார்கள். வகுப்பில் நான் போட்ட பேங்க் ரீகன்சிலியேஷன் கணக்கில் 8 ஐட்டம் இருக்கும், எது கூட்டணும் எது கழிக்கணும் என்று மனப்பாடமே இருந்தது. அங்கே நூற்றுக்கணக்கில் வரி. எந்த வரி எந்த வரியோடு சேரும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே, அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 4 நாள் ராத்திரி வீட்டில் அழுதிருக்கிறேன். அங்கே பிளஸ் டூ முடித்து 10 வருஷம் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் உட்கார்ந்திருந்த ஓர் அண்ணன்தான் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் மீதிப் பாதியையும் சொல்லவேண்டும். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது எல்லோருமே பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம். 20 வருஷ அனுபவம் இருந்தவருக்கும் எனக்கும் ஒரே நிலை. அப்போது சட்டப் பிரிவை எடுத்துத் தானாகப் படித்து, இது நம் கம்பெனிக்கு எப்படிப் பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் மேலே வந்தார்கள். எனக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது எம்.காம்தான், வேறு எதுவும் இல்லை. இப்போது மறுபடியும் அதே மாதிரி ஒரு காலம். 2025 செப்டம்பர் 22இலிருந்து ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, 2500 ரூபாய் வரை உள்ள செருப்பு, ஷூவுக்கெல்லாம் 5 சதவீதம் என்று ஆனது, 1961ஆம் வருஷத்து வருமானவரிச் சட்டம் போய் 2025ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1இலிருந்து நடைமுறை. பிரிவு எண்ணெல்லாம் மாறும்போது பழைய எண்ணை மனப்பாடம் செய்தவருக்கும் உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நீங்கள் படிக்கப் போகும் இரண்டு வருஷம் கணக்குத் துறைக்கு நல்ல நேரம், உண்மையாகவே சொல்கிறேன்.

சரி, சின்ன கல்லூரி என்ற கேள்விக்கு வருகிறேன். பட்டம் கொடுப்பது சேர்க்காட்டில் இருக்கிற திருவள்ளுவர் பல்கலைக்கழகம்தான். அதன் கீழ் இருக்கும் கல்லூரி என்றால் பாடத்திட்டம், கேள்வித்தாள் எல்லாம் பல்கலைக்கழகத்தினுடையது, தன்னாட்சிக் கல்லூரி மட்டும் பாடமும் தேர்வும் தானே வைத்துக்கொள்ளும், அங்கேயும் பட்டம் பல்கலைக்கழகத்துடையதே. வாணியம்பாடி இஸ்லாமியா 1919இலிருந்து இருக்கிறது, வேலூர் ஊரிசு அதற்கும் முன்னால், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951. இந்தப் பெயர்களுக்கு நம் பக்கம் ஒரு மரியாதை உண்டு, மறுக்கவில்லை. அங்கேயோ குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியிலோ இடம் கிடைத்து, போய்வர முடிந்தால் முதலில் அதைப் பாருங்கள், செலவும் அரசுக் கல்லூரியில் மிகக் குறைவு. கிடைக்கவில்லை என்றால் சின்ன கல்லூரியில் சேருவதை ஒரு தோல்வி மாதிரி நினைக்காதீர்கள்.

ஏனென்றால் 11 பேர் இருந்த வகுப்பில் எனக்குக் கிடைத்தது, 60 பேர் இருந்த வகுப்பில் என் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்கு கார்ப்பரேட் அக்கவுண்டிங் எடுத்த சார், வேறு கம்பெனியைக் கையில் வைத்திருக்கிற ஹோல்டிங் கம்பெனியின் கணக்கைத் தானே போர்டில் போடவே மாட்டார். ஆளுக்கு ஒரு நாள், நாங்கள்தான் போடவேண்டும். துணை நிறுவனத்தின் லாபத்தில் வாங்கியதற்கு முந்தையது எது, பிந்தையது எது என்று பிரிக்கத் தெரியாமல் நான் போர்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன், உட்காரு என்று அவர் சொல்லவில்லை, விடையையும் சொல்லவில்லை, "இந்த லாபம் வந்தப்போ கம்பெனி யாரோடதும்மா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றைக்குப் புரிந்தது இன்று வரை மறக்கவில்லை. 60 பேர் வகுப்பில் எந்த வாத்தியாரும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒருத்திக்காக ஒரு மணி நேரம் நிற்கமுடியாது.

ஆனால் இது தானாக நடக்காது. சின்ன கல்லூரியில் நல்ல வாத்தியாரும் இருப்பார், நோட்ஸை வாசித்துவிட்டுப் போகிறவரும் இருப்பார், சம்பளம் குறைவு என்பதால் வருஷத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருக்கிற கல்லூரியும் உண்டு. சேரும் முன் நேராகப் போய்ப் பாருங்கள். பிரின்சிபாலிடம் கேட்காதீர்கள், இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளைகளைக் கேன்டீனிலோ பஸ் ஸ்டாப்பிலோ பிடித்துக் கேளுங்கள். காஸ்ட், கார்ப்பரேட் அக்கவுண்டிங் இரண்டும் யார் எடுக்கிறார், அவர் வந்து எத்தனை வருஷம் ஆகிறது, கணக்கு முழுசாகப் போடுகிறாரா, பாதி போட்டு "மீதியை வீட்டில பாரு" என்கிறாரா. தியரி பாடம் யார் எடுத்தாலும் நீங்களே படித்துக்கொள்ளலாம், கணக்கு போடுகிற ப்ராப்ளம் பேப்பருக்கு ஆள் இல்லாத கல்லூரி வேண்டவே வேண்டாம். லைப்ரரிக்குப் போய் வருமானவரிப் புத்தகம் எந்த வருஷத்துப் பதிப்பு என்று பாருங்கள், அந்த ஒரு புத்தகம் போதும், துறையில் யாராவது அக்கறையாக இருக்கிறார்களா இல்லையா என்று சொல்லிவிடும்.

பல சுயநிதி வகுப்புகள் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். அந்த மதியத்தை விட்டுவிடாதீர்கள். முதல் செமஸ்டர் பிடிபட்டதும் குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ ஓர் ஆடிட்டர் ஆபீசிலோ, வரி கணக்குத் தாக்கல் செய்து தருகிறவரிடமோ போய்க் கேளுங்கள், பஸ் செலவுக்குக் கொடுத்தால்கூடப் போதும். மாசத்துக்கு ஒரு சுற்று என்று அங்கே வாழ்க்கை ஓடும். 7ஆம் தேதி டிடிஎஸ் என்ற பிடித்த வரியைக் கட்டவேண்டும், 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. ஆறு மாசம் இந்தச் சுற்றில் இருந்தால், சப்ளையர் பில் போட்டும் அது ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி பட்டியலில் ஏன் வரவில்லை என்று தேடிப் பழகினால், பிற்பாடு எந்த இன்டர்வியூவிலும் உங்களை அசைக்கமுடியாது. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் முதல் நாள் அப்படித் தவித்தேன்.

அடுத்து ப்ராஜெக்ட். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் வருஷா வருஷம் "வேலூர் மாநகரில் இருசக்கர வாகன வாடிக்கையாளர்களின் திருப்தி" மாதிரி ஒரு தலைப்பு, 100 பேரிடம் ஃபார்ம் நிரப்பி, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை போட்டு, பைண்ட் செய்து வைத்துவிடுகிறார்கள். கணக்குப் படித்த பிள்ளை அதில் ஒரு டெபிட், கிரெடிட்கூடப் பார்த்திருக்காது. உங்கள் அப்பா டேனரியில் வேலை செய்கிறார்மா, உங்களுக்குக் கிடைத்திருப்பது சென்னைப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத விஷயம்.

யோசித்துப் பாருங்கள். பச்சைத் தோல் உப்பு போட்டு வருகிறது, எடைக்கோ எண்ணிக்கைக்கோ வாங்குகிறார்கள். உப்பை உதறினால் எடை குறைகிறது, சதை நீக்கினால் குறைகிறது, ஓரம் வெட்டினால் குறைகிறது. கடைசியில் விற்பது சதுர அடிக் கணக்கில். வாங்கும்போது ஓர் அளவு, விற்கும்போது வேறு அளவு. இதில் எது நார்மல் லாஸ் என்ற வழக்கமான இழப்பு, எது அப்நார்மல் லாஸ் என்ற எதிர்பாராத இழப்பு? மேல் தோலைப் பிரித்தபின் கீழே கிடைக்கிற ஸ்ப்ளிட் ஒரு கூட்டுப் பொருளா, துணைப் பொருளா, அதற்கு எவ்வளவு செலவை ஏற்றுவது? கட்டம் கட்டமாகச் செலவைக் கணக்கிடுகிற ப்ராசஸ் காஸ்டிங் அத்தியாயம் முழுக்க உங்கள் அப்பா வேலை செய்யும் ஷெட்டில் இருக்கிறது. புத்தகத்தில் "ப்ராசஸ் ஏ, ப்ராசஸ் பி" என்று போட்டிருப்பதை சுண்ணாம்பு போடுவது, குரோம் பதனிட்ட வெட் ப்ளூ, ஃபினிஷிங் என்று பெயர் மாற்றி எழுதிப் பாருங்கள், எல்லாம் தெளிவாகிவிடும்.

அப்புறம் கழிவுநீர். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒவ்வொரு டேனரியும் கட்டணம் கட்டுகிறது, அந்தச் செலவை ஒரு சதுர அடித் தோலுக்கு எப்படிப் பிரிப்பது என்பதே ஒரு நல்ல ப்ராஜெக்ட். 1996இல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் உச்ச நீதிமன்றம் "மாசு செய்தவரே செலவை ஏற்கவேண்டும்" என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது, அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர், மாவட்டத்து டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியிலும் வேலூர்ப் பகுதி டேனரி மாசு, இழப்பீடு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்திருக்கிறது. இதையெல்லாம் சுற்றுச்சூழல் விஷயம் என்று மட்டும் நாம் படிக்கிறோம். ஆனால் ஒரு கணக்கர் கேட்கவேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: நாளைக்குக் கட்டவேண்டி வரலாம் என்ற தொகையை இன்றைய பேலன்ஸ் ஷீட்டில் ப்ரொவிஷனாக, அதாவது ஒதுக்கீடாகப் போடுவதா, வரலாம் வராமலும் போகலாம் என்ற பொறுப்பாக, கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று குறிப்பில் மட்டும் சொல்வதா? ஏ.எஸ். 29 என்ற கணக்கியல் ஸ்டாண்டர்ட் இதைத்தான் பேசுகிறது. கடமை இப்போதே இருக்கிறதா, பணம் வெளியே போகத்தான் போகிறதா, தொகையை நம்பத்தக்க மாதிரி மதிப்பிட முடியுமா, இந்த மூன்றும் இருந்தால் ப்ரொவிஷன். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு இந்த ஸ்டாண்டர்டை வேறு எங்கோ நடக்கிற கதையாகப் படிக்கக்கூடாது என்று நான் பாடம் எடுத்தபோது என் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இன்னொரு தலைப்பும் சொல்கிறேன். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நம் பக்கம் நிறைய. பெரிய கம்பெனியிலிருந்து அவர்களுக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்கவேண்டும், தாண்டினால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் வாங்கியவர் கழித்துக்கொள்ள முடியும் என்று 2023-24 நிதியாண்டிலிருந்து வருமானவரியில் விதி வந்தது. அது வந்தபின் அந்த யூனிட்டுகளுக்குப் பணம் சீக்கிரம் வந்ததா, இல்லை ஆர்டரே குறைந்ததா? 5 யூனிட்டின் கடன்தாரர் லெட்ஜரைப் பார்த்தாலே எழுத நிறைய கிடைக்கும். இப்படி ஒரு ப்ராஜெக்ட்டோடு என் ஆபீசுக்கு யாராவது வந்தால் மார்க் ஷீட்டைக்கூடப் பிறகுதான் பார்ப்பேன்.

இங்கிலீஷ் பயம் உங்கள் கேள்வியில் சொல்லவில்லை, ஆனால் தமிழ் மீடியத்தில் படித்து வந்திருந்தால் இருக்கும், எனக்கும் இருந்தது. தினமும் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவு, சத்தமாகப் படித்து, தமிழில் இரண்டு வரியில் உங்கள் நோட்டில் எழுதுங்கள். பேசுவதற்கு என்று தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டவேண்டாம், கணக்கு வேலையில் முதலில் வேண்டியது படித்துப் புரிந்துகொள்கிற இங்கிலீஷ்.

வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியும். "வரன் அமையிற வரைக்கும் படிக்கட்டும்" என்றுதான் பல வீட்டில் எம்.காம் சேர்க்கிறார்கள், என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள். இடையில் கல்யாணம் வந்தால் படிப்பை முடிக்கவிடுவார்களா என்பதை இப்போதே அப்பாவிடம் பேசிவிடுங்கள், நிச்சயம் ஆனபிறகு பேசினால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் மூன்றாவது செமஸ்டரோடு நின்றார்கள், இருவருமே என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். நிற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால்கூட ப்ராப்ளம் பேப்பர்களை முதலில் எழுதி முடித்துவிடுங்கள், தியரி அரியரைக் கைக்குழந்தையோடும் வந்து எழுதலாம், ஹோல்டிங் கம்பெனிக் கணக்கான கன்சாலிடேஷனை அப்படி எழுதமுடியாது.

கடைசியாக ஒன்று. சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட் எல்லாம் கல்லூரியிலேயே வைத்துக்கொள்வோம் என்றால் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பித் தரவேண்டும், சுய ஒப்பமிட்ட நகல் போதும் என்று யுஜிசி 2018இலேயே சொல்லியிருக்கிறது, டி.சி. மட்டும் கல்லூரியில் இருக்கும். என் தோழி ஒருத்தியின் பி.காம் மார்க் ஷீட்டை ஒரு கல்லூரி முழு ஃபீஸ் கட்டும்வரை வைத்துக்கொண்டதில், ஒரு வங்கி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அவள் வெறும் நகலோடு போய் நின்றாள். நகல் எடுத்து இரண்டு செட் வீட்டில் வையுங்கள், ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கும் அனுப்பிவையுங்கள், சேர்க்கை நாளன்று அப்பாவையோ அண்ணனையோ கூட அழைத்துப் போங்கள்.